கேம்பஸில் இரண்டு முறை போய்விட்டது, இனி என்ன?

கேள்வி: கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஒரு கிராமம் என் ஊர். பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தேன். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் பொறியியல் இடம் கிடைத்தது. இப்போது இசிஇ (எலக்ட்ரானிக்ஸ், தகவல் தொடர்பு) இறுதியாண்டு, 2026 பேட்ச். அப்பா மாங்கூழ் ஆலையில் வேலை பார்க்கிறார். சிஜிபிஏ 7.4, அரியர் எதுவும் பாக்கி இல்லை. பத்தாம் வகுப்பில் மட்டும் 58 சதவீதம். இதுவரை இரண்டு ஐடி கம்பெனிகளில் தேர்வு எழுதினேன். முதல் கம்பெனியில் ஆன்லைன் தேர்விலேயே வெளியே வந்துவிட்டேன். கோடிங்கில் நான் போட்டுப் பார்த்த எண்ணுக்கெல்லாம் ப்ரோகிராம் சரியாகத்தான் ஓடியது. ஆனால் அவர்கள் சோதித்துப் பார்க்க வைத்திருக்கும் டெஸ்ட் கேஸ்களில் ஒன்றுகூடத் தேறவில்லை. இரண்டாவதில் டெக்னிக்கல் இன்டர்வியூ வரை போனேன். மண்ணின் ஈரத்தைப் பார்த்துத் தானாகத் தண்ணீர் விடும் எங்கள் ப்ராஜெக்டைப் பற்றிக் கேட்டார்கள். காசுக்கு ப்ராஜெக்ட் செய்து தரும் ப்ராஜெக்ட் சென்டரில் நான்கு பேர் சேர்ந்து வாங்கியது அது. வாயே திறக்க முடியவில்லை. தமிழ் வழியில் படித்ததால் ஆங்கிலம் வராததுதான் காரணம் என்று நினைக்கிறேன். படிவத்தில் பத்தாம் வகுப்புக்கு 60 என்று போட்டுவிடு என்கிறார் ஒரு சீனியர். சென்னையில் மாமாவுக்குத் தெரிந்த கன்சல்டன்சி, ஒன்றரை லட்சம் கொடுத்தால் பெரிய கம்பெனியில் பேக்டோரில், அதாவது குறுக்கு வழியில், சேர்த்துவிடுவதாகச் சொல்கிறது. இதற்கிடையில் ஒரு சின்ன கம்பெனி ஆஃபர் தந்திருக்கிறது: ஆண்டுக்கு 2.4 லட்சம், இரண்டு ஆண்டு பாண்ட், இடையில் விலகினால் 2 லட்சம் கட்ட வேண்டும், அசல் சான்றிதழ்களை ஒப்படைக்க வேண்டும். பத்து நாளில் பதில் சொல்லச் சொல்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: காரணம் எல்லாவற்றையும் நீங்களே எழுதிவிட்டு, பழியை மட்டும் ஆங்கிலத்தின் மேல் போட்டுவிட்டீர்கள். முதல் கம்பெனியில் உங்கள் ஆங்கிலத்தை யாரும் கேட்கவே இல்லை; விடையைத் திருத்தியது கம்ப்யூட்டர். இரண்டாவதில் கேட்டது நீங்கள் செய்யாத ஒரு பொருளைப் பற்றி. அதைத் தமிழில் கேட்டிருந்தாலும் பதில் வந்திருக்காது. குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. இரண்டுமே சில வாரங்களில் சரிசெய்யக்கூடியவை. ஆங்கிலம்தான் பிரச்சினை என்று நம்பி ஒரு ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புக்குப் பணம் கட்டிவிட்டு வந்தால், மூன்றாவது கம்பெனியிலும் இதே இரண்டு இடத்தில்தான் நிற்பீர்கள்.

ஐடி கம்பெனி ஒன்றுக்காகக் கல்லூரி கல்லூரியாகப் போய் இன்டர்வியூ எடுத்தவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்கிறேன். கேம்பஸ் தேர்வு என்பது திறமைசாலியைத் தேடிக் கண்டுபிடிக்கும் வேலை இல்லை. நூற்றுக்கணக்கான பேரைக் குறைந்த நேரத்தில் கழித்துக் கழித்துச் சில பேராக்கும் ஏற்பாடு. ஒவ்வொரு கட்டத்திலும் கழிப்பதற்கு ஒரு காரணம் வைத்திருப்பார்கள். நாம் எந்தக் கட்டத்தில், எதற்காகக் கழிகிறோம் என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

அத்துடன், உங்கள் சீனியர்கள் சொல்லும் கதைகளை அப்படியே உங்களுக்குப் பொருத்திப் பார்க்காதீர்கள். 2021-22இல் டிசிஎஸ் மட்டும் ஒரு லட்சம் புதியவர்களை எடுத்தது. இன்ஃபோசிஸ் எடுத்தது 85,000 பேரை. அதே இன்ஃபோசிஸ் 2023-24இல் எடுத்தவர்கள் 12,000-ஐ ஒட்டித்தான். அந்த முதல் அலையில் இன்டர்வியூவில் பெயரையும் ஊரையும் சொல்லிவிட்டு வேலை வாங்கியவர்களும் உண்டு. இப்போது அப்படி இல்லை. அது உங்கள் குற்றமும் இல்லை.

முதலில் அந்த டெஸ்ட் கேஸ் விஷயம். ப்ரோகிராம் சரியாக ஓடியது, ஒன்றுகூடத் தேறவில்லை என்றால் எனக்கு உடனே தோன்றுவது ஒன்றுதான். கல்லூரி லேபில் பழகிய பழக்கத்தில், எண்ணை வாங்குவதற்கு முன் ‘எண்ணை உள்ளிடவும்’ என்று திரையில் அச்சிட ஒரு பிரிண்ட்எஃப் போட்டிருப்பீர்கள். விடையை அச்சிடும்போதும் ‘விடை இது’ என்று முன்னால் இரண்டு வார்த்தை சேர்த்திருப்பீர்கள். லேபில் அதற்குத்தான் மேடம் மார்க் போடுவார். ஆன்லைன் தேர்வில் திருத்துவது கம்ப்யூட்டர். 24 என்று மட்டும் வர வேண்டிய இடத்தில் வேறு ஓர் எழுத்து சேர்ந்து வந்தாலும் அது தவறு என்றே போடும். கேள்வியில் கொடுத்திருக்கும் மாதிரி வெளியீட்டை எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். இடைவெளி, புதுவரி, பெரிய எழுத்து, சின்ன எழுத்து எல்லாமே கணக்கு.

இதைத் திருத்தினால் பாதி டெஸ்ட் கேஸ் தேறும். மீதி தேறாதது கண்ணுக்குத் தெரியாத டெஸ்ட் கேஸ்களால். பூஜ்யம் கொடுத்தால் என்ன ஆகும்? மைனஸ் எண்? ஒரே ஒரு எண் உள்ள வரிசை? பெரிய எண்? ஒன்று முதல் ஓர் எண் வரை எல்லாவற்றையும் பெருக்கும் ஃபேக்டோரியலையே எடுத்துக்கொள்ளுங்கள். ப்ரோகிராமில் முழு எண்ணை வைக்கும் சாதாரண இன்ட் 214 கோடிச் சொச்சம் வரைதான் தாங்கும். 12-க்கு விடை சரியாக வரும், 13-க்குப் போனால் குப்பையாக ஏதோ ஓர் எண் வரும். லேபில் 5 கொடுத்துப் பார்த்துவிட்டு எழுந்து போகிறோம், அதனால் இது நம் கண்ணில் படுவதே இல்லை. தினமும் இரண்டு கணக்கு போடுங்கள், போதும். ஆனால் ஒவ்வொன்றையும் நீங்களே உடைக்கப் பாருங்கள். எந்த மொழியில் எழுதுவது என்று குழம்ப வேண்டாம். சி தெரியும் என்றால் சி-யிலேயே போங்கள். ஒரு மாதத்துக்குள் பைத்தானுக்குத் தாவுவது வேண்டாத வேலை.

கணக்கும் ஆங்கிலமும் கேட்கும் ஆப்டிட்யூட் தேர்வு பற்றி நீங்கள் கேட்கவில்லை, இரண்டாவது முறை தாண்டியும் விட்டீர்கள். ஒன்று மட்டும்: பல கம்பெனிகளில் ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனி கட்-ஆஃப் உண்டு. கணக்கில் அள்ளிக் குவித்துவிட்டு ஆங்கிலப் பகுதியைக் காலியாக விட்டால் மொத்தமும் போகும்.

இப்போது ப்ராஜெக்ட். இதில்தான் நான் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்ளப் போகிறேன், ஏனென்றால் இன்டர்வியூவின் பெரும்பகுதி இங்கேதான் நடக்கிறது. இன்டர்வியூ எடுக்கும் பேனலில் உட்கார்ந்திருப்பவருக்கு உங்களுக்காக இருப்பது பதினைந்து, இருபது நிமிடம். உங்கள் பாடம் எதுவும் அவருக்கு நினைவில் இருக்காது. கையில் இருப்பது உங்கள் ரெஸ்யூமே மட்டும். அதில் எதை எழுதியிருக்கிறீர்களோ அதைத்தான் பிடித்துக்கொள்வார். ப்ராஜெக்ட் சென்டரில் வாங்கியதா என்பது இரண்டாவது கேள்வியிலேயே தெரிந்துவிடும். ஒரே கல்லூரியில் இருந்து வரும் வெவ்வேறு டீம்களின் ரெஸ்யூமேயில் அதே ப்ராஜெக்ட், அதே வரிகள், அதே எழுத்துப்பிழை. எங்களுக்கு இது பழகிப்போன விஷயம்.

ஆனால் உங்களுக்குக் கிடைத்திருப்பது நல்ல ப்ராஜெக்ட். வாங்கியதுதான், பரவாயில்லை. இனி அதை உங்களுடையதாக ஆக்கிக்கொள்ளுங்கள். பெட்டியைப் பிரித்து எல்லா ஒயரையும் கழற்றிவிட்டு, முதலில் இருந்து நீங்களே மாட்டுங்கள். உள்ளே இருப்பது பெரும்பாலும் ஆர்டுயினோ என்ற சின்ன கம்ப்யூட்டர் பலகை, ஓர் ஈர சென்சார், மின்சாரத்தால் இயங்கும் சுவிட்சான ஒரு ரிலே, ஒரு சின்ன பம்ப். அந்த ஆர்டுயினோ ஊனோ சென்சாரில் இருந்து வரும் மின்னழுத்தத்தை 0 முதல் 1023 வரை ஓர் எண்ணாக மாற்றும், பத்து பிட் என்பதால். காய்ந்த மண்ணில் எவ்வளவு வருகிறது? தண்ணீர் ஊற்றினால் எவ்வளவு? உங்கள் தோட்டத்துச் செம்மண்ணிலும் ஆற்று மணலிலும் ஒரே அளவு வருகிறதா? ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். ‘காய்ந்த மண்ணில் இவ்வளவு வந்தது, நனைத்ததும் இவ்வளவாக இறங்கியது’ என்று இன்டர்வியூவில் நீங்கள் பார்த்த எண்ணைச் சொன்னால், எதிரே இருப்பவர் நிமிர்ந்து உட்காருவார். அந்த எண் எந்த ப்ராஜெக்ட் சென்டரின் அறிக்கையிலும் இருக்காது.

அப்புறம் ‘ஏன்’ கேள்விகள். பம்பை ஏன் ஆர்டுயினோவில் நேரடியாக மாட்டவில்லை? அதன் ஒரு பின் 40 மில்லி ஆம்பியருக்கு மேல் தாங்காது. 5 வோல்ட் ரிலேயின் காயிலுக்கே (கம்பிச்சுருளுக்கே) 70 மில்லி ஆம்பியர் வேண்டும். அதனால்தான் நடுவில் ஒரு டிரான்சிஸ்டர். காயிலுக்குக் குறுக்கே டயோடு எதற்கு? ரிலே ஆஃப் ஆகும் நொடியில் காயில் திருப்பி அனுப்பும் மின்னழுத்தம் டிரான்சிஸ்டரைச் சுட்டுவிடாமல் இருக்க. இதெல்லாம் உங்கள் இரண்டாம் ஆண்டுப் பாடம்தான். சென்சார் காட்டும் எண் 500-க்கு மேல் போனால் (மண் காய்ந்தால்) பம்ப் ஆன், 500-க்குக் கீழே வந்தால் ஆஃப் என்று கோடில் இருந்தால், 500-ஐத் தொட்டு நிற்கும்போது ரிலே டக்டக் என்று அடித்துக்கொண்டே இருக்கும். ஆன் ஆவதற்கு ஓர் அளவு, ஆஃப் ஆவதற்கு இன்னோர் அளவு வைக்க வேண்டும். இந்தக் கோளாறை நீங்களே பார்த்து, கோடில் இரண்டு வரி மாற்றிச் சரிசெய்து, அதை இன்டர்வியூவில் சொன்னீர்கள் என்றால், ‘இசிஇ படித்துவிட்டு ஏன் ஐடி?’ என்ற கேள்விக்கும் அதுவே பதில். வாங்கிய கோடில் தப்பு கண்டுபிடித்துத் திருத்துவதுதான் சேர்ந்த முதல் இரண்டு ஆண்டு அங்கே உங்களுக்குக் கிடைக்கப்போகும் வேலை.

அந்தச் சென்சார் இரண்டு கால் நீட்டிய மலிவான ரகமாக இருந்தால், சில வாரங்களில் கால்கள் அரித்துப் போயிருக்கும். அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். ‘ப்ராஜெக்டில் குறையே இல்லை’ என்று சொல்பவரைத்தான் நாங்கள் நம்புவதில்லை.

ப்ராஜெக்ட் தவிர அவர்கள் கேட்பது அநேகமாக ஒரே மாதிரிதான். அர்ரேக்கும் லிங்க்டு லிஸ்டுக்கும் என்ன வித்தியாசம், பாயின்டர் எதற்கு, இரண்டு டேபிளை எப்படி ஜாயின் செய்வது, இரண்டாவது அதிகச் சம்பளம் வாங்குபவரை எஸ்க்யூஎல்லில் எப்படி எடுப்பது. இசிஇ என்றால் மைக்ரோபிராசசருக்கும் மைக்ரோகண்ட்ரோலருக்கும் என்ன வேறுபாடு என்றும் கேட்பார்கள். ரெஸ்யூமேயில் ஜாவா, மெஷின் லேர்னிங், கிளவுட் என்று அலங்காரமாக எழுதியிருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள். எழுதிய ஒவ்வொரு வார்த்தையும் ஒரு கேள்வி.

ஆங்கிலம் முக்கியமே இல்லை என்று சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டேன். வெளிநாட்டு வாடிக்கையாளரோடு பேசும் வேலை அது. சில கம்பெனிகள் கம்ப்யூட்டரை வைத்தே பேச்சைச் சோதிக்கின்றன. ஒரு வாக்கியத்தைக் கேட்டு அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும், சின்னக் கதையைக் கேட்டுவிட்டு நம் சொல்லில் சொல்ல வேண்டும். ஆனால் பேனலில் இருப்பவர் இலக்கணத்தை எண்ணிக்கொண்டிருப்பதில்லை. கேட்டது புரிந்ததா, பதில் கேள்விக்கு நேராக வருகிறதா என்றுதான் பார்க்கிறார். புரியாவிட்டால் மறுபடி கேட்கச் சொல்லுங்கள், அதற்கு மார்க் குறையாது. மனப்பாடம் செய்த சுய அறிமுகத்தைத் தூக்கிப் போடுங்கள். அதற்குப் பதில் உங்கள் அப்பாவின் ஆலையை எடுத்துக்கொள்ளுங்கள். பெங்களூரா மாம்பழம் லாரியில் வந்து இறங்குவதில் இருந்து பழுக்க வைத்து, கழுவி, கொட்டை நீக்கி, கூழாக்கி, சூடேற்றி, பையில் அடைப்பது வரை இரண்டு நிமிடம் ஆங்கிலத்தில் சொல்லி போனில் பதிவு செய்யுங்கள். முதல் நாள் கேட்கச் சகிக்காது. தினமும் செய்யுங்கள். ஊரைப் பற்றிச் சொல்லுங்கள் என்று யாராவது கேட்டால் இது கையில் இருக்கும். கேட்காவிட்டாலும், தெரிந்த விஷயத்தை வரிசையாகச் சொல்லும் பழக்கம் ப்ராஜெக்டை விளக்கும்போது கைகொடுக்கும்.

58 சதவீதம். உங்கள் செட்டின் கதை தெரியும். 2020இல் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வை ரத்து செய்துவிட்டு, காலாண்டு, அரையாண்டு மதிப்பெண்ணுக்கு 80 சதவீதம், வருகைப் பதிவுக்கு 20 சதவீதம் என்று கணக்கிட்டுக் கொடுத்தார்கள். பொதுத்தேர்வில் பார்த்துக்கொள்ளலாம் என்று அரையாண்டை அலட்சியமாக எழுதிய எத்தனையோ பேருக்கு இது நடந்தது. அநியாயம்தான். அதற்காக 60 என்று போடாதீர்கள். சேர்ந்த பிறகு ஒரு வெளி நிறுவனத்தை வைத்து ஒவ்வொரு சான்றிதழையும் சரிபார்ப்பார்கள். அப்போது சிக்கினால் மார்க் குறைவு என்பதற்காக இல்லை, பொய் சொன்னதற்காக அனுப்புவார்கள். பத்து, பன்னிரண்டு, பட்டம் மூன்றிலும் 60 கேட்கும் கம்பெனிகளுக்கு உங்கள் பெயர் போகாது, அதை விட்டுவிடுங்கள். விதி ஆண்டுக்கு ஆண்டு மாறும் என்பதால் அறிவிப்பை மட்டும் ஒவ்வொரு முறையும் முழுதாகப் படியுங்கள். பட்டப்படிப்பு மதிப்பெண்ணை மட்டும் பார்ப்பவர்களும் உண்டு. ஸோஹோ கம்பெனி மதிப்பெண்ணையே பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. அங்கே சி ப்ரோகிராமைக் கொடுத்து வெளியீடு என்ன என்று கேட்பதில் தொடங்கி, கடைசியில் டாக்ஸி புக்கிங் மாதிரி ஒரு சின்ன அப்ளிகேஷனையே உட்கார்ந்து எழுதச் சொல்வார்கள். கடினம்தான். ஆனால் அங்கே உங்களைக் கழிக்கப்போவது கொரோனா கால அரையாண்டுத் தேர்வு இல்லை. ஐடிதான் என்று பிடிவாதமும் வேண்டாம்; ஓசூரில் டாடா எலக்ட்ரானிக்ஸ் இருக்கும்போது இசிஇ படித்தவர் அந்தப் பக்கமும் ஒரு விண்ணப்பம் போட்டு வைக்கலாம்.

கன்சல்டன்சிக்கு ஒரு பைசா கொடுக்காதீர்கள். பெரிய ஐடி கம்பெனி எதுவும் வேலைக்குப் பணம் வாங்குவதில்லை. தங்கள் இணையதளத்திலேயே அதை எச்சரிக்கையாகப் போட்டிருக்கிறார்கள். பேக்டோர் என்பதில் நடப்பது இரண்டில் ஒன்று. பணத்தை வாங்கிக்கொண்டு கம்பெனி பெயரை ஒட்டிய போலி மின்னஞ்சலில் இருந்து ஓர் ஆஃபர் லெட்டர் அனுப்புவார்கள். இல்லாவிட்டால் இரண்டு ஆண்டு போலி அனுபவச் சான்று தயாரித்து உள்ளே தள்ளுவார்கள். இரண்டு ஆண்டு வேலை பார்த்ததாகச் சொல்பவருக்கு பிஎஃப் கணக்கே இல்லை என்பதைக் கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகாது. மாமா நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார், அவரிடம் சண்டை வேண்டாம். ‘கம்பெனியின் சொந்தத் தளத்தில் என் பெயருக்கு விண்ணப்ப எண் காட்டச் சொல்லுங்கள், அப்புறம் பணத்தைப் பற்றிப் பேசலாம்’ என்று சொல்லுங்கள். ஏற்கெனவே முன்பணம் ஏதாவது கொடுத்திருந்தால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு உடனே அழையுங்கள். நாள் கடத்தினால் பணம் திரும்புவது கடினம்.

கடைசியாக, கையில் இருக்கும் ஆஃபர். 2.4 லட்சம் என்றால் மாதம் 20,000 இல்லை. கம்பெனியின் பிஎஃப் பங்கையும் அதிலேயே சேர்த்திருந்தால் கையில் வருவது 16,000-ஐ ஒட்டி இருக்கும். பெரிய கம்பெனிகளின் தொடக்கச் சம்பளமே பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளாக மூன்றரை லட்சத்தைச் சுற்றித்தான் நிற்கிறது. அதனால் சம்பளம் குறைவு என்பதற்காக மட்டும் நான் இதை வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். சின்ன கம்பெனியில் வேலை சீக்கிரம் கற்றுக்கொள்ளலாம்.

பாண்டைச் சட்டவிரோதம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மூன்று ஆண்டுக்கு முன் விலகினால் 2 லட்சம் என்ற ஒரு வங்கி நிபந்தனையை 2025 மே மாதம் உச்ச நீதிமன்றமே செல்லும் என்றது. ஆனால் அது பொதுத்துறை வங்கி, நாடு முழுக்க அறிவிப்பு கொடுத்து ஆள் எடுக்கும் செலவைக் காரணமாகக் காட்டியது. ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவுப்படி, காகிதத்தில் எழுதிய தொகை என்பது உச்சவரம்பு. நியாயமான இழப்பீடுதான் கேட்க முடியும். மாதம் 16,000 தரும் கம்பெனி உங்கள் பயிற்சிக்கு 2 லட்சம் செலவழித்ததாக நிரூபிப்பது எளிதில்லை. எளிதில்லை என்பதால்தான் அசல் சான்றிதழைக் கேட்கிறார்கள். வழக்குப் போடாமலே உங்களைப் பிடித்து வைக்க அது போதும். இன்னொரு இடத்தில் வேலை கிடைத்தாலும், மேலே படிக்க நினைத்தாலும் அவர்கள் வாசலில் நிற்க வேண்டும். அசலைக் காட்டலாம், சரிபார்த்துவிட்டு அன்றே கையில் திருப்பித் தர வேண்டும். வைத்துக்கொள்வோம் என்றால் சேராதீர்கள். இதில் எனக்கு இரண்டாவது யோசனையே இல்லை. வெற்றுக் காசோலை கேட்டாலும் அதே பதில்தான்.

இன்னொரு சிக்கலை நீங்கள் கவனித்தீர்களா என்று தெரியவில்லை. பல கல்லூரிகளில் ஓர் ஆஃபரை ஒப்புக்கொண்டால் அடுத்த கம்பெனிக்கு உட்கார விட மாட்டார்கள். சில கல்லூரிகள் சம்பளம் இவ்வளவுக்கு மேல் என்றால் விடுவார்கள். கையெழுத்துப் போட்ட பிறகு கேட்டுப் பயனில்லை. ஆஃபர் வந்ததாலேயே வேலை வந்துவிட்டதாகவும் எடுத்துக்கொள்ளாதீர்கள். 2022 பேட்சில் இன்ஃபோசிஸ் ஆஃபர் வாங்கியவர்களில் சிலர் சேருவதற்கு இரண்டு ஆண்டு வரை காத்திருந்தார்கள். 2023 தொடக்கத்தில் விப்ரோ, ஆறரை லட்சம் சொல்லியிருந்தவர்களிடம் மூன்றரை லட்சத்துக்குச் சம்மதமா என்று கேட்டது. 2025இல் மைசூரு இன்ஃபோசிஸ் பயிற்சி மையத்தில் உள்தேர்வில் மூன்று முறையும் தேறவில்லை என்று முந்நூறுக்கும் மேற்பட்ட பயிற்சியாளர்களை அனுப்பினார்கள். பெரிய இடத்திலேயே இப்படி என்றால், அடுத்த வாய்ப்புக் கதவை இப்போதே சாத்திக்கொள்வது சரியாகப் படவில்லை.

எனவே நாளைக்கே பிளேஸ்மெண்ட் ஆபீசரைப் பாருங்கள், அப்பாவையும் கூட அழைத்துக்கொண்டு போனால் நல்லது. இதை ஒப்புக்கொண்டால் மற்ற கம்பெனிகளுக்கு உட்காரலாமா என்று கேளுங்கள். பிறகு அந்தக் கம்பெனிக்குக் கல்லூரி வழியாகவே ஒரு மின்னஞ்சல் அனுப்பச் சொல்லுங்கள்: அசல் சான்றிதழ் இல்லாமல் சேரலாமா, 2 லட்சம் மாதாமாதம் குறையுமா, அவர்களே வேலையை விட்டு எடுத்தால் நான் பணம் கட்ட வேண்டியதில்லை என்று எழுதித் தருவார்களா. பதில் எழுத்தில் வர வேண்டும், போனில் சொல்வது கணக்கில்லை. மூன்றுக்கும் சம்மதித்து, கல்லூரியும் உங்களைத் தொடர்ந்து உட்கார விட்டால் கையெழுத்துப் போடுங்கள். இல்லை என்றால் மரியாதையாக மறுத்துவிட்டு, சனிக்கிழமை அந்த ப்ராஜெக்ட் பெட்டியைப் பிரியுங்கள்.